திருவிழா ஏலத்தில் எடுத்த பிள்ளை

"...அம்மா கேட்டுட்டாங்க, அப்பா கேட்டுட்டாங்க. நீங்க மட்டும் ஏனுங்கத்தை ஏலம் கேக்க மாட்டேங்கறீங்க?"

கேட்டது ஜெனி. என் தங்கை ரோசலியின் ஒரே மகள். முன்பல் விழுந்து அந்த ஓட்டை வழியாகப் பேச்சும் காற்றும் கலந்து வருகிற வயது. காப்பிக்கொட்டை காயப்போடுகிற எங்கள் வாசற்களத்தில் ஓர் இரும்பு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு கேட்டாள். ஏலத்துக்கு வந்த சரக்கும் அவளேதான்.

அத்தை என்றது என் மனைவி ஜெசிந்தாவை. அவள் வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். களத்தின் மறுபக்கம் ரோசலியும் அவள் வீட்டுக்காரர் அமல்ராஜும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஏலக்காரன் நான். ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், மறு கையில் அதைத் தட்டக் கரண்டி. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், என் வாய் தூங்கும்போதுகூட மூடாது. அந்தக் கேள்விக்கு மூடிக்கொண்டது.

இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லாவிட்டால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் ஆறாது.

துள்ளி விளையாடிய கிழவன்

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு ரைட்டர் வேலை. ஆள் பேர் போடுவதும், மூட்டை எடை பார்ப்பதும், துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதும்தான் அதில் அடக்கம். ரைட்டர் என்றால் எழுதுகிறவன் என்று நினைத்து இந்தப் பத்திரிகைக்காரர்கள் என்னைத் தொடர் எழுதச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஏமாந்ததற்கு நான் பொறுப்பில்லை.

படிப்பு எட்டாவதோடு சரி. மீதியெல்லாம் பஸ்ஸில், டீக்கடையில், மிளகு பறிக்கிற பெண்கள் நிழலுக்கு ஒதுங்கும்போது பக்கத்தில் நின்று கற்றது. அதனால் எனக்குப் பழமொழி என்றால் உயிர். யார் எதைச் சொன்னாலும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வேன்.

அப்படிப் பொறுக்கியதிலேயே என்னைத் துரத்தித் துரத்தி அடித்தது ஒன்று உண்டு. 'பிள்ளையில்லாத வீட்டில் கிழவன் துள்ளி விளையாடினானாம்.' எனக்கும் ஜெசிந்தாவுக்கும் பிள்ளை இல்லை. துள்ளி விளையாடுகிற கிழவன் நான்தான் என்பதை மலையே ஒப்புக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் எங்கள் கோயில் பங்கிலுள்ள வாண்டுகள் அத்தனையும் என் முதுகில்தான் தொங்கும்.

கிறிஸ்மஸ் முடிந்ததும் திருக்குடும்ப ஞாயிறு என்று ஒன்று வரும். பிள்ளைகள் ஆண்டவருடைய ஆசீர்வாதம், பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகளைப்போல் நிற்பார்கள் என்று ஃபாதர் பிரசங்கம் வைப்பார். நல்ல பிரசங்கம்தான். ஆனால் அந்த ஞாயிறு மட்டும் எங்கள் இருவருக்கும் கோயில் கூரை மேல் அபாரமான ஆர்வம் வந்துவிடும். எந்த ஓடு பெயர்ந்திருக்கிறது, எந்த விட்டத்தில் குருவி கூடு கட்டியிருக்கிறது எல்லாம் அத்துப்படி.

ஒலிவக் கன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. காப்பி நாற்று தெரியும். பாதிக்குமேல் பிழைக்காது, பிழைத்ததும் சொன்ன பேச்சு கேட்காது. ஏற்காட்டில் பிறந்திருந்தால் பைபிளில் அந்தச் சங்கீதம் பாடியவர் வேறு செடியைத்தான் சொல்லியிருப்பார் என்று ஒருமுறை ஃபாதரிடம் சொன்னேன். "சவரி, நீங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா" என்றார். இருந்திருந்தால் எனக்கு எழுதுவதற்கு என்ன இருக்கும்?

எங்களை யாரும் குத்திப் பேசியதில்லை என்று சொன்னால் பொய். ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. அதில் ஒன்றை மட்டும் நான் பையில் போடாமல் நெஞ்சிலேயே வைத்திருக்கிறேன். செம்மநத்தத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் ஓர் அம்மாள், வெற்றிலையை மென்றபடி சொன்னது. "பப்பாளிக்குத் தலையில காய்க்குது, பலாவுக்கு அடிமரத்துல காய்க்குது. ஆருக்கு எங்க காய்க்கணும்னு நாமளாங்க சொல்றது?"

ஒரு செவி மந்தம்

ரோசலிக்கும் வெகுகாலம் பிள்ளை இல்லை. கட்டிக் கொடுத்தது மலையடிவாரத்தில், குப்பனூரில். அமல்ராஜுக்கு அங்கே பஞ்சர் ஒட்டும் கடை. தங்கமான மனுசர். ஆனால் பேசுவதெல்லாம் டியூபில் காற்றுப்போவதுபோல மெதுவாகத்தான் வரும்.

எங்கள் பங்கில் ஒரு சின்ன அந்தோணியார் கெபி இருக்கிறது. பாறையில் குடைந்த இடம், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மழையில் நனைவார். அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றப் போனவள் ஜெசிந்தா. ரோசலிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இரண்டு ஏற்றுவாள். 'ரெண்டு பேருக்கும் குடுங்க, குடுத்தா உங்க திருவிழாவில வந்து ஏலம் விட்டு எடுத்துக்கறோம்' என்று நேர்ந்துகொண்டதும் அவள்தான்.

ஒருவருக்குக் கிடைத்தது. அந்தோணியாருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். ஜெசிந்தா சிரித்தாள். அடுத்த செவ்வாயும் போனாள். ஒரே ஒரு மெழுகுவர்த்தி, நன்றிக்கு.

ஜெனி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பிள்ளையை முதலில் வாங்கச் சொன்னபோது, "கை ஈரமா இருக்குதுங்க" என்று சொல்லி ஜெசிந்தா பின்னால் நகர்ந்துகொண்டாள். பிறகும் அப்படித்தான். பால் புட்டியை வெந்நீரில் கழுவித் தருவாள், கவுன் தைத்துத் தருவாள், திருஷ்டிப் பொட்டு வைப்பாள். தூக்கி மடியில் வைத்துக்கொள்ள மட்டும் மாட்டாள். எனக்கு அது புரிய நாளாயிற்று. பேசுகிறவனுக்கு எப்போதுமே புரிவது தாமதம்தான்.

மைக்கைப் பறிகொடுத்த நாள்

பிள்ளை ஏலம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர்ந்து பெற்ற பிள்ளை அந்தோணியாருடைய சொத்து. திருவிழா அன்று பூசை முடிந்ததும் பெற்றவள் அதைப் பீடத்தின் முன்னால் விட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஏலக்காரர் பிள்ளையைத் தூக்கி ஏலம் கூறுவார். தாய்மாமன் ஒரு தொகை சொல்வான். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது, அது முறை. மூன்றுதரம் கூறி முடித்ததும் தாய்மாமன் பிள்ளையை வாங்கி, அங்கேயே, அந்த நிமிஷமே, பெற்றவள் கையில் கொடுத்து, "அந்தோணியார் பிள்ளை, நல்லா வளத்து" என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யலாம்.

நேர்த்திக்கடனைச் செலுத்தக் கைக்குழந்தையிலேயே கொண்டுவருவார்கள். ரோசலி வருஷாவருஷம் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டாள். பிள்ளையை ஒரு நிமிஷம்கூடக் கீழே விட மனசில்லை அவளுக்கு. அதனால் ஜெனிக்குக் கேள்வி கேட்கிற வயது வந்துவிட்டது. விவகாரம் அங்கேதான் தொடங்கியது.

திருவிழாவில் ஏலம் கூறுவது வழக்கமாக நான்தான். பலாப்பழம், மிளகு, நாட்டுக்கோழி, காப்பித்தூள் எல்லாம் என் வாய் வழியாகப் போனால் ஒன்றுக்கு மூன்றாகப் போகும். நொண்டிச் சேவலைக்கூட, "தியானம் பண்ற சேவலுங்க, ஓடாது" என்று சொல்லி விற்றிருக்கிறேன். அன்றைக்குத் தாய்மாமன் என்பதால் மைக்கை, ஃபாதருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியாரிடம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. நல்ல மனிதர், ஆனால் ஏலத்தை இரங்கல் செய்தி மாதிரி வாசிப்பார். எனக்கு நாக்கு அரித்தது.

முதலில் ஒரு கைக்குழந்தை. மாமன்காரர் எடுத்தார், அக்கா கையில் கொடுத்தார், முடிந்தது. ஜெனி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது அவள். நான் கேட்டேன், உபதேசியார் மூன்றுதரம் சொன்னார், பிள்ளை என் கைக்கு வந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்து அடித்துவிட்டார்கள். அதற்குமேல் நான் மனிதனாக இல்லை. ஜெனியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயிலைச் சுற்றி ஒரு சுற்று ஆடினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். கை தட்டினால் நிற்கிற ஜாதியா நான்? ஆடிக்கொண்டே ரோட்டுக்கு வந்து, விருந்து எங்கள் வீட்டில்தானே என்று ஜீப்பில் ஏறி, கரடியூர் ரோட்டில் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டேன்.

பெற்றவள் கையில் பிள்ளையைக் கொடுக்கவில்லை. ரோசலி பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றதை அப்புறம் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

கவுன் அலமாரிக்குள் போனது

விருந்தில் கறிக்குழம்பு. சாப்பிட்டு எழுந்ததும் ஜெனி, கையோடு கொண்டுவந்த மாற்றுக் கவுனை எடுத்து எங்கள் அலமாரியில் ஜெசிந்தாவின் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள்.

"ஏஞ்சாமி, அதை அங்க வெக்கற?" என்றாள் ரோசலி.

"இனி நான் மாமா ஊட்டுப் பிள்ளைதானுங்கம்மா. அந்தப் பாப்பாவ எடுத்து அவங்கம்மா கையில குடுத்தாங்க. என்னைய மாமா தூக்கிட்டு வந்துட்டாங்க. அப்ப மாமாதான எடுத்திருக்காங்க?"

நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். "ஆமாங் கண்ணு, மாமா ரசீதுகூட வாங்கிட்டேன்" என்றேன். ரோசலி முகத்தைப் பார்த்த பிறகு பாதிச் சிரிப்பை விழுங்க வேண்டியிருந்தது.

மூன்று மணி வாக்கில் மலையேறிய மூடுபனி வாசலுக்கு வந்தது. ஜெனி அசையவில்லை. மிட்டாய் பலிக்கவில்லை. "உன் ஆட்டுக்குட்டி அழும்" என்றார் அமல்ராஜ். "இங்க கூட்டியாந்து விடுங்கப்பா" என்றாள். ரோசலி கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஏண்ணா, காலைல அவள என் கையில குடுத்திருந்தா இந்த வெனை வருமா? ஆண்டு கணக்கா ஏங்கிப் பெத்தவ நான். ஊரு முன்னால வெறுங்கையோட நின்னேன்."

நான் பதிலுக்கு ஒரு பழமொழியைத் தேடினேன். பையில் ஒன்றுமே இல்லை.

ஜெசிந்தா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அவள் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க, இருட்டறதுக்குள்ள அவ போயாகோணும்."

"ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமே ஜெசி. பிள்ளைதான?"

"ஒரு ராத்திரி என் பக்கத்துல படுத்துட்டான்னா காலைல என்னால எழுப்பி அனுப்ப முடியாதுங்க. இத்தன வருசமா நான் தள்ளித் தள்ளி இருந்ததெல்லாம் எதுக்குன்னு நெனச்சீங்க? நாளைக்கு ரோசலி மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் நான் பேசியதில் பத்தில் ஒரு பங்காவது அவளைக் கவனித்திருந்தால் இதை அவள் வாயால் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அழ அழத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார் அமல்ராஜ். "அது வேண்டாமுங்க அண்ணா. நேர்ந்து வந்த பிள்ளை, சிரிச்சுக்கிட்டுத்தான் போகோணும்" என்றாள் ஜெசிந்தா. பிள்ளையை இரண்டாக வெட்டச் சொன்ன சாலமோன் ராஜா மாதிரி ஒரு தீர்ப்பு சொல்லட்டுமா என்று நான் வாயைத் திறந்தேன். மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்ததில் அது தொண்டையோடு நின்றது.

வழி சொன்னது ஜெனியேதான். "ஏலத்துல எடுத்தத ஏலத்துலதானுங்க குடுக்கோணும். அம்மா என்னைய ஏலத்துல எடுத்துக்கட்டும்."

வாளி மேல் ஒரு சரக்கு

காலையில் மைக்கைப் பறிகொடுத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்துவிட்டேன்.

"ஏனுங்க கேளுங்க, அந்தோணியார் தோட்டத்துச் சரக்குங்க. பல்லு ஒண்ணு கொறைவு, வாயி ரெண்டு பங்கு அதிகம். ஆருங்க மொதல்ல?"

"என் மொபெட்டுங்க மச்சான்" என்றார் அமல்ராஜ்.

"அது மேட்டுல ஏறாதுங்கப்பா" என்றாள் சரக்கு.

"செரி, ரெண்டு ஆட்டுக்குட்டி."

"அது ஏற்கெனவே என்னுதுதானுங்க."

"பஞ்சர் கடை, கம்ப்ரசரோட."

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். அது கொஞ்சம் பிடித்திருந்தது போலிருக்கிறது. ஆனாலும் அம்மாவைப் பார்த்தாள். ரோசலிக்கு விளையாட்டு வரவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட என்ன சாமி இருக்குது குடுக்க? என்னைய வேண்ணா எடுத்துக்க."

பனி எங்களுக்கு நடுவில் வந்து நின்றது. நான் டம்ளரைத் தட்டினேன். "ஒருதரம்" என்றேன். "ரெண்டுதரம்" என்றேன்.

அப்போதுதான் ஜெனி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். வாசற்படிப் பக்கம் திரும்பினாள். முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டாள். அத்தை மட்டும் ஏன் ஏலம் கேட்கவில்லை?

ரோசலி தன் அண்ணியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாறி வந்தாலும் அன்றோடு இரண்டு வீடும் இரண்டாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. டம்ளரைக் கீழே வைக்கவும் பயமாக இருந்தது, சத்தம் கேட்குமே என்று.

ஜெசிந்தா முழங்காலைக் கட்டியிருந்த கையை எடுத்தாள். புடவையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள்.

"நான் கேட்டா, அதுக்கு மேல உங்கம்மாவால கேக்க முடியாது கண்ணு. அதனாலதான் வாயத் தொறக்கல."

ஜெனி வாளி மேல் நின்றபடியே அதை யோசித்தாள். அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாளியிலிருந்து குதித்தாள். வெறுங்காலோடு ஈரக் களத்தைக் குறுக்கே கடந்து போய் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் அத்தைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இருவரும் ஒட்டி உட்காரும்வரை இரண்டு கையாலும் நெருக்கித் தள்ளினாள். அப்புறம் ஏறிக் குறுக்கே படுத்து, தலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டு, சேறு அப்பிய இரண்டு காலையும் நீட்டி, அத்தையின் திருவிழாப் புடவை மேல் போட்டாள்.